ஆர், எம், எல் மூன்றுக்கும் ஒரு சொல்

ராஜபாளையம் கடைவீதியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: எழுத்துக்காரம்மா. கதை எழுதுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். லீவு லெட்டரைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. எண்பதுகளில் அங்கே தந்தி ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது நம் இலாகாவில் சேர்ந்து கவுண்ட்டரில் உட்காரப் போகிற உங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லி முடிக்கவே இன்றைய பொழுது பத்தாது. காபி வந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

தந்தி என்றால் வார்த்தைக்கு வார்த்தை காசு. சேதிக்கு மட்டுமில்லை, விலாசத்துக்கும் சேர்த்துத்தான். கம்பெனிப் பெயர், தெருப் பெயர் எல்லாம் எழுதினால் கட்டுப்படியாகுமா? அதற்காக வியாபாரிகள் எங்களிடம் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். அதுதான் தந்தி விலாசம். அந்தச் சொல்லையும் ஊர்ப் பெயரையும் எழுதினால் போதும், கல்கத்தாவிலிருந்து அடித்தாலும் தந்தி அவர் கடை வாசலுக்கு வந்துவிடும். ஓர் ஊரில் ஒரு சொல் ஒருவருக்குத்தான். பஞ்சு, நூல், தங்கம், வெள்ளி, சூரியன், சந்திரன் எல்லாவற்றையும் பெரிய மில்காரர்கள் முன்பே வளைத்துப் போட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் கவுண்ட்டரில் நின்று தலையைச் சொறிவார்கள்.

சும்மா ஒரு சொல் கொடுத்தாலும் நம் ஆட்கள் வாங்கிக்கொள்வார்களா? அப்பா பேரின் எழுத்து அதில் இருக்க வேண்டும், குலசாமி எழுத்து இருக்க வேண்டும், மகள் எழுத்து இருக்க வேண்டும் என்பார்கள். ஆலங்குளத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பருத்தி வியாபாரி, "ரெண்டு பொஞ்சாதி எழுத்தும் வரணும் தாயி, யாரும் கொறையாப் பேசிறக் கூடாது" என்றார். மூத்தவர் பேச்சியம்மாள், இளையவர் வள்ளி. நான் 'பெவிலியன்' என்று எழுதிக் கொடுத்தேன். பி முதலில், வி பின்னால். "மூத்தவளுக்கு மொத மருவாதி, சரிதான்" என்று மனுஷன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராஜ நடை நடந்து போனார். அதன் அர்த்தம் என்னவென்று கேட்கவே இல்லை.

எப்படித் தேடுவேன் என்று கேட்பார்கள். என்னிடம் அட்டை போன பள்ளிக்கூட டிக்‌ஷனரி ஒன்று இருந்தது, ஆனால் அதைக் கடைசியில்தான் திறப்பேன். பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கேட்ட எழுத்துகளை வட்டமாக எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏ, ஈ, ஐ, ஓ, யு எல்லாம் தண்ணீர் மாதிரி, எங்கே வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். மற்ற எழுத்துகளில் எது அடம்பிடிக்கிறதோ அதை முதலில் உட்கார வைக்க வேண்டும். அடம்பிடிக்கிறவனை உட்கார வைத்துவிட்டால் மற்றவர்கள் தன்னால் உட்காருவார்கள். கவுண்ட்டரில் கூட்டத்தைச் சமாளிப்பதற்கும் இதுதான் வழி, குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒருநாள் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ராமராஜு உள்ளூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கையில் கொஞ்சம் நிலமும் முன்கோபமும் உண்டு. மைதீன் துணிக்கடைக் குடும்பம், வாய் திறந்தால் எதிரில் இருப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. மூன்றாமவர் லூர்து. அவர் மில்லில் ஃபிட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவர் வீடு. நான் அங்கே மடவார் வளாகம் பகுதியில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்து போனேன். அதனால் லூர்துவை எனக்கு முன்பே தெரியும். மூவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்து அனுப்பத் தொடங்குகிறார்களாம்.

"ஆர், எம், எல். மூணு எழுத்தும் வரணும். ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் வரணும்," என்றார் ராமராஜு.

லூர்து குறுக்கே வந்தார். "இன்னொண்ணு அக்கா. எங்க மூணு பேருல யாரு எழுத்தும் மொதல்ல வரக் கூடாது. பொறவு நீ பெருசு நான் பெருசுன்னு வந்துரும்."

பஸ் டிக்கெட்டை எடுத்து வட்டம் போட்டேன். முதலில் 'கேரமல்' வந்தது. சர்க்கரையைக் கருக்கிச் செய்வது என்று அர்த்தம் சொன்னேன். "யாத்தே! தொழில் தொடங்குற அன்னிக்கே கருகணுமா?" என்று மைதீன் காதைப் பொத்திக்கொண்டார். 'ஃபார்மல்' என்றேன். அது கவர்மெண்ட்டுக்காரன் வார்த்தை, வேண்டாம் என்றார்கள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் வேறு. டப்பாவைத் திறக்கப் போனவள் சட்டென்று சொன்னேன்: "நார்மல்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் என், கடைசியில் எல், நடுவில் ஆரும் எம்மும்.

"ஆஸ்பத்திரிக்கு இதுக்கு மேல நல்ல வார்த்தை ஏது?" என்றார் மைதீன். "டாக்டரு வாயிலருந்து இது எப்ப வரும்னுதானே அம்புட்டுப் பேரும் வராண்டாவுல காத்துக் கெடக்கான்!"

"பாகுந்தி, பாகுந்தி," என்று ராமராஜு தெலுங்கில் மெச்சிக் கையெழுத்துப் போட்டார். அன்று என் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மைதீன்தான் சாப்பிட்டார்.

நார்மல் நன்றாக ஓடியது. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆர்டர் தந்திகள் வந்தபடி இருந்தன. கடைவீதியில் அவர்களை நார்மல்காரர்கள் என்றே சொன்னார்கள். லூர்துவுக்குக் கல்யாணமும் ஆனது. செலின் என்று பெயர், சின்னப் பெண். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நான் வீட்டுக்கு நடக்கும்போது வாசலில் நிற்பாள். செத்த நேரம் பேசிவிட்டுத்தான் போவேன். எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி கிடையாது. அந்தக் குறையை அவள்தான் தீர்த்தாள்.

சில வருஷங்கள் கழித்துச் சண்டை வந்தது. ராமராஜு தன் மருமகனை நாலாவது பங்காளியாகச் சேர்க்க வேண்டும் என்றார். மைதீன் முடியாது என்றார். ராமராஜு நேராக என்னிடம் வந்து, மருமகன் பெயருக்கு ஒரு கே, அதையும் சேர்த்து நாலு எழுத்துக்கு வேறு சொல் தேடிக் கொடுங்கள் என்று நின்றார். நான் தேடவில்லை. மூணு பேரும் சேர்ந்து வந்து கேட்டால் தேடித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இருபக்கச் சண்டையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் திறமையைக் காட்டுவது உத்தியோகத்துக்கு ஆகாது. மனுஷன் என்னோடும் பேசுவதை விட்டுவிட்டார்.

பிறகு வழக்கமாக நடப்பதெல்லாம் நடந்தது. சரக்கு வைக்கிற கிட்டங்கிக் கதவில் ராமராஜு ஒரு பூட்டுப் போட்டார். அதன்மேல் மைதீன் இன்னொன்று போட்டார். நார்மல் என்ற பெயருக்கு வருகிற தந்தியைத் தன்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று இருவரும் ஆளுக்கொரு மனு எங்கள் ஆபீசில் கொடுத்தார்கள். ஆர்டரெல்லாம் அந்தச் சொல்லுக்குத்தானே வருகிறது! சொல் யார் கையில் இருக்கிறதோ தொழிலும் அவர் கையில். எங்கள் விதி என்ன என்றால், இப்படித் தகராறு வந்தால் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும்வரை தந்தியை யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஆபீசிலேயே வைத்துக்கொண்டு மேலிடத்துக்கு எழுத வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் வேலை போய்விடும்.

லூர்து இதற்கிடையில் பழைய தறி பார்க்க பம்பாய்க்குப் புறப்பட்டார். சண்டைக்கு முன்னால் மூவரும் பேசி வைத்த தறி அது. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டும் சின்னப் பிள்ளைய கணக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு அக்கா. தறியக் கொண்டாந்து எறக்கிட்டேன்னு வையுங்க, தன்னால சேந்துரும். செலினுக்கு இது ஒம்பதாம் மாசம். போற வழியில ஒரு பார்வை பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அடுத்த வாரம் ஒரு காலை. எங்கள் அதிகாரி கூமாப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பொறுப்பு என்னிடம். பம்பாயிலிருந்து நார்மலுக்கு அவசரத் தந்தி. ஒரு லாட்ஜ் மேனேஜர் அடித்திருந்தார். லூர்து ஆஸ்பத்திரியில், கவலைக்கிடம், உடனே புறப்பட்டு வரவும்.

இந்தி ஒரு வார்த்தை தெரியாத மனுஷன், அங்கே யாருமில்லாமல் கிடக்கிறார். இங்கே விலாசத்துக் கதவில் இரண்டு பூட்டு.

எங்கள் தந்திச் சேவகரைச் சைக்கிளில் அனுப்பினேன். அவசரத் தந்தி, இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தால் கொடுக்கப்படும் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அவர் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பாட்டத்தான் பாடுதாவ மேடம். அவன் நிக்கிற எடத்துல நான் கால் வைக்க மாட்டேன், அவசரம்னா என் கையில கொண்டாந்து குடுன்னு சொல்லுதாவ. என்னமோ ஆர்டர்னு நெனச்சிட்டாவ."

கடிகாரத்தைப் பார்த்தேன். மதுரையில் சாயங்கால ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் மெட்ராஸில் பம்பாய் ரயில் கிடைக்கும். ஒருவரிடம் கொடுத்தால் என் வேலை போகும். யாரிடமும் கொடுக்காவிட்டால் லூர்து போய்விடுவார். அதிகாரிக்குப் போன் போடலாம் என்றால் கல்யாண வீட்டில் போன் ஏது? எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், அதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த இரண்டு பேரும் நண்பனுக்காக வருவார்கள், ஆனால் நண்பன் விஷயம் என்று நான் சொல்லக் கூடாது. வேறு எதற்காக எழுந்து ஓடி வருவார்கள்?

ஒரு காகிதத்தை எடுத்து எழுதினேன். 'நார்மல் என்ற சொல்லின் பதிவு பற்றி இன்று பகல் முடிவு செய்ய வேண்டியுள்ளது. உடனே நேரில் வரவும். வராதவருக்கு அந்தச் சொல்லில் அக்கறை இல்லை என்று கொள்ளப்படும்.' முத்திரை குத்தினேன். இரண்டு பிரதி. அதில் பொய் ஒன்றும் இல்லை, நன்றாகப் படித்துப் பாருங்கள். முடிவு செய்ய வேண்டியிருந்தது, நான் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த சேவகர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் ஆட்டோவில் ராமராஜு வந்து இறங்கினார். பின்னாலேயே மைதீன் கைலியை மடித்துக் கட்டியபடி ஓட்டமும் நடையுமாக வந்தார். இருவரும் கவுண்ட்டரின் இரண்டு முனையில் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"யாருக்குக் குடுக்கப் பாக்கீய அந்த வார்த்தைய?"

"செத்த வாய மூடுங்க ரெண்டு பேரும்!" என்றேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. "மொதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க. ரெண்டு பேரும் ஒரே தாள்ல."

போட்டார்கள். தந்தியைக் கவுண்ட்டரில் நடுவாக வைத்தேன். இருவரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துப் படித்தார்கள்.

மைதீன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் சிரிக்க வைக்கிற அந்த முகத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை. ராமராஜு தந்தியை மறுபடியும் மறுபடியும் படித்தார்.

"ஏலே மைதீனு," என்றார். "அவனுக்கு இந்தி தெரியாதேடா."

"எனக்கு உருது வரும். நான் போறேன்."

"ஒத்தையிலயா? எந்திரி. மதுர பஸ்ஸு நிக்கும்."

வாசல்வரை போன மைதீன் திரும்பினார். "மேடம், செலினு..."

"நெறமாசம்," என்றார் ராமராஜு. "இப்பச் சொல்ல வேண்டாம். தறி வேலையாப் போறோம்னு நான் ஆள் விட்டுச் சொல்லிருதேன். நீங்களும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாதீய."

எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அது என் வேலை.

மாற்றுத்துணிகூட எடுக்காமல் இருவரும் போனார்கள். அதிகாரி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். காகிதத்தை இரண்டு முறை படித்தார், தலையில் அடித்துக்கொண்டார். "உன்னை வச்சுக்கிட்டு நான் கல்யாணத்துக்குப் போனேன் பாரு," என்று மட்டும் சொன்னார். பங்காளிச் சண்டை என்ன ஆனது என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். இரண்டு நாளுக்கு மேல் ஒரே ரயில் பெட்டியில் ஒரே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து எதை வைத்துச் சண்டை போடுவார்கள்? மருமகனுக்குத் தனியாக ஒரு தறிக்கூடம் போட்டுக் கொடுத்தார் ராமராஜு. அதற்கு ஒரு சொல் நான்தான் தேடிக் கொடுத்தேன். நான் இங்கே சொல்ல வந்தது அது இல்லை.

அவர்கள் போன பிறகு எந்தத் தகவலும் வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் புரண்டால், அசிடிட்டி என்று சொல்லிவிடுவேன். இலாகாவில் என்னைப் போல ரகசியம் காக்கிறவள் கிடையாது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

ஒரு மத்தியானம் மறுபடி நார்மலுக்கு பம்பாயிலிருந்து தந்தி. எடுத்து எழுத எழுத எனக்குக் கண் மறைத்தது. லூர்து பிழைத்துவிட்டான், செலினிடம் சொல்லவும், ராமராஜு மைதீன். அந்த விலாசத்துக் கதவில் இரண்டு பூட்டு தொங்குகிறது, இரண்டின் சாவியும் பம்பாயில் அவர்கள் பையில். அது தெரிந்துதானே அடித்திருக்கிறார்கள்! யார் கையில் போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஓடாத குறையாக நடந்தேன். செலின் வாசலில் இல்லை. உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காத, உக்காரு. லூர்து நல்லா இருக்காரு. உடம்புக்கு முடியாம இருந்துச்சு, இப்பப் பொழைச்சுக்கிட்டாரு. இந்தா, தந்தி."

அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, படிக்காமல், என்னையே பார்த்தாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை புதிதாகச் சேதி கேட்டவள் அழுவது மாதிரி இல்லை. எனக்கு அது புரியவில்லை.

"ஏட்டி, உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. தெனமும் எங்க வாசல்ல நின்னு, 'சாப்ட்டியா செலினு'ன்னு கேக்காம நீங்க ஒருநாளும் போனதில்ல. அவிய ரெண்டு பேரும் பொறப்பட்டுப் போன அன்னிலருந்து நீங்க ரத வீதி வழியாச் சுத்திப் போறீயன்னு பூக்காரம்மா சொல்லிச்சு. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு, எங்க வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிருச்சுன்னு."

நான் சுற்றிப் போனேனா? போயிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் போயிருக்கிறேன். எனக்கே தெரியாமல் என் கால் அந்தத் தெருவைத் தவிர்த்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன் வந்து என்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லவும் முடியாது, மறைக்கவும் முடியாது. உங்க வேலைக்கு ஏதாவது வந்துரும். அதான் கேக்கல."

ஒன்பது மாத வயிற்றோடு, புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், என் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்று அத்தனை நாளும் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ரகசியம் காத்தது நான் இல்லை, அவள்தான். அந்த மண் தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இன்று தந்திச் சேவையே போய்விட்டது. உங்கள் கவுண்ட்டருக்கு வேறு ரகசியங்கள் வரும், அடுத்தவர் வீட்டுச் சாவும் வாழ்வும் அவர்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரியவரும். வாயைக் கட்ட இலாகா கற்றுக்கொடுத்துவிடும், அதற்கு நான் வேண்டாம். அப்படி ஒரு நாள் வந்தால், தினமும் போகிற தெருவிலேயே போங்கள். அந்த வாசலில் நின்று, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.